மெருகு கெடாது மாசு நீக்கல்

திருவிழாக் காலம் அணுகும்பொழுது இல்லங்களைத் துப்புரவு செய்து, சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும் கதவு யன்னல்களுக்குத் தீந்தை பூசுவதும் ஈழத்துத் தமிழூர்களில் நெடுங்காலமாய் நிலவிவரும் வழக்கமாகும். அவ்வேலை நிகழும் நாளில், முற்றத்து மரநிழலில் நிறுத்தப்பட்ட மோட்டார்ச் சைக்கிளைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. மறுநாட் காலையில் அதன் கரிய எண்ணெய்த் தாங்கியின்மீதும் மட்காட்டின்மீதும் வெண்புள்ளிகள் சிதறிக் கிடத்தல் கண்டு வீட்டார் திடுக்கிடுவர். உடையவர் முதலில் நகத்தாற் சுரண்டிப் பார்ப்பார்; அது பெயராவிடின் தின்னரை நாடுவார்; அதற்கும் அடங்காவிடின் சவரத் தகட்டைக் கையிலெடுப்பார். மாலையிற் புள்ளி போயிருக்கும். ஆயின், கடுகளவு புள்ளி இருந்த இடத்தில் உள்ளங்கையளவு மங்கல் படர்ந்திருக்கும். புள்ளியை நீக்க வழியுண்டு. அம்மங்கலை நீக்குதல் அத்துணை எளிதன்று.

சிறு குற்றத்தைக் களையப் புகுந்து பெருங்கேட்டைத் தேடிக்கொள்ளும் இந்நிலை, பெரும்பாலும் அறியாமையால் நேர்வதே. பளபளப்பு என்பது யாது, அதனைத் தாங்கி நிற்கும் பூச்சு எத்தன்மையது, அதன்மேல் வீழ்ந்து காய்ந்த துளி எவ்வகையது என்னும் மூன்றினையும் அறிந்தவர்க்கு, எதனால் எவ்வாறு துடைத்தல் வேண்டும் என்பது தானே புலப்படும்.

முதற்கண் பளபளப்பின் இயல்பை நோக்குவோம். ஒரு பரப்பின்மேல் விழும் ஒளி ஒரே ஒழுங்கிற் தெறிக்குமாயின் அப்பரப்பு கண்ணாடிபோல் ஒளிரும். பல திசைகளிலுஞ் சிதறித் தெறிக்குமாயின் மங்கித் தோன்றும். இவ்வேற்றுமை பரப்பின் மேடுபள்ளங்களின் அளவினாலே தீர்மானிக்கப்படுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு மைக்கிரோன் எனப்படும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 மைக்கிரோன் முதல் 0.7 மைக்கிரோன் வரையாகும். மேடுபள்ளங்கள் இவ்வலைநீளத்தினும் மிகச் சிறியனவாய் இருக்குமிடத்துப் பரப்பு ஒளிக்கு வழுவழுப்பானதாகின்றது. அவற்றின் அளவு அலைநீளத்தை எட்டுமிடத்து ஒளி சிதறத் தொடங்குகின்றது. எனவே, விரலுக்குத் தட்டுப்படாத கீறலும் கண்ணுக்கு மங்கலாய்த் தோன்றுதல் வியப்பன்று. மேலும், கரும்பூச்சின்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்களவே மேற்பரப்பிலிருந்து தெறிக்கின்றது. எஞ்சியது உட்புகுந்து உறிஞ்சப்படுகின்றது. அச்சிறு பங்கு ஒழுங்காய்த் தெறிப்பதே நாம் காணும் மெருகு. கீறல்கள் ஒளியை எத்திசையுஞ் சிதறடிக்க, கருமை சாம்பல் நிறமாய்க் குன்றுகின்றது. வெள்ளை வண்டியில் மறைந்துபோகும் கீறல் கரிய வண்டியில் வெளிப்படையாய்த் தெரிவதன் காரணமும் இதுவே.

இனி, அம்மெருகைத் தாங்கும் பூச்சினை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாகனங்களுக்குக் குதிரைவண்டிகளுக்குரிய எண்ணெய் வாணிசுகளே பூசப்பட்டன. அவை பூச்சின்மேற் பூச்சாய் உலர்ந்து முடிய நாட்கள் பல, சிலவேளை வாரங்களே சென்றன. 1923 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூபொன் நிறுவனம் டூக்கோ என்னும் நைத்திரோசெலுலோசு இலேக்கரை வெளியிட்டது; 1924 ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்ட் மோட்டார் வண்டிகள் அதனாற் பூசப்பட்டு வந்தன. இலேக்கர் விரைவில் உலர்வது. ஆயினும் அதற்கொரு குறையுண்டு. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதனாலேயே அது உலர்கின்றது. அக்கரைப்பானை மீண்டும் ஊற்றினால் பூச்சு மீண்டும் கரைந்துவிடும். பின்னர் சூளையிற் சுட்டு இறுக்கும் எனாமல்களும், 1937 இல் ஒட்டோ பயர் என்னும் செருமானிய இரசாயன அறிஞர் கண்ட பொலியூரித்தேன் வகையைச் சார்ந்த இருகூற்றுப் பூச்சுக்களும் வழக்கிற்கு வந்தன. இவற்றில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல் ஆகிவிடுகின்றன. அவ்வலையைக் கரைப்பான் எளிதிற் கரைத்தல் இயலாது. நெடுநேரம் ஊறவைத்தால் வீங்கவும் மென்மையுறவும் செய்யலாம், அவ்வளவே.

இக்காலத்து மோட்டார்ச் சைக்கிளின் பூச்சு பெரும்பாலும் ஓரடுக்கன்று. உலோகத்தின்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும், அனைத்துக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சும் அமைந்துள்ளன. 1980 களில் மோட்டார் வாகனங்களிற் பரவிய இம்முறையில், கண் காணும் பளபளப்பு முழுவதும் தெளிபூச்சுக்கே உரியது. அதன் தடிப்போ பொதுவாக நாற்பது ஐம்பது மைக்கிரோன் அளவினது. தலைமயிரொன்றின் தடிப்பினுங் குறைந்தது எனலாம். ஞாயிற்றின் புறவூதாக் கதிர்களை உறிஞ்சி, கீழுள்ள நிறத்தைக் காப்பதும் அத்தெளிபூச்சே. அதனைத் தேய்த்து மெலியச் செய்தவர் அன்று எக்குறையுங் காணார். மாதங்கள் பல வெயிலில் நின்றபின்னர் அவ்விடம் வெளிறி உரியக் காணும்பொழுதே தாம் இழந்தது இன்னதென உணர்வர். தேய்ந்த தெளிபூச்சு வளர்ந்து வருவதன்று. இங்ஙனம் செலவிடத்தக்க பொருள் சிறிதாயிருத்தலின், அதனைச் செலவிடாத வழிகளை முன்னும், சிறிது செலவிடும் வழிகளைப் பின்னும் வைத்தல் அறிவுடைமையாகும்.

மூன்றாவதாக அறியவேண்டியது துளியின் வகை. வீட்டு வேலையின்போது தெறிப்பன பெரும்பாலும் நான்கு வகையின.

ஒன்று, சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்சியங் காபனேற்றாய் மாறி இறுகுகின்றது. இது பிசினன்று, கல்லின் இனம். ஆதலின் எக்கரைப்பானும் இதனை அசைக்காது. அமிலமொன்றே இதற்கு மாற்று.

இரண்டு, நீரிற் குழைத்த எமல்சன் தீந்தை. இதில் அக்கிரிலிக்கு முதலிய பிசின்களின் நுண்டுளிகள் நீரில் மிதந்து நிற்கின்றன. நீர் ஆவியானதும் அவை நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. இணைந்தபின் நீர் அதனைக் கரைக்காது. ஆயினும் வெந்நீரும் சவர்க்காரமும் அதனை இளக்கும், அற்ககோல் மேலும் இளக்கும்.

மூன்று, கதவு யன்னல்களுக்குப் பூசும் எண்ணெய் எனாமல். இது கரைப்பான் ஆவியாவதோடு நில்லாது, காற்றின் ஒட்சிசனை ஏற்று வலையாய்ப் பிணைவது. முதல் ஓரிரு நாட்களில் டேர்ப்பன்டைன் அதனைக் கரைக்கும். வாரங்கள் சென்றபின் கரைக்காது, சிறிது இளக்கக்கூடும்.

நான்கு, தெளிகருவியாற் பூசப்படும் இலேக்கர், இருகூற்றுப் பூச்சு முதலியன. பட்டறையொன்றின் அருகில் வண்டியை நிறுத்தியவர் இதனைக் காண்பர். காற்றிற் பறந்து வருகையிலேயே பாதி உலர்ந்துவிட்ட தூசிபோன்ற துகள்கள் இவை. கைக்கு நறநறவெனத் தட்டுப்படும்.

இந்நான்கிற்கும் பொதுவான உண்மையொன்று உண்டு. இக்கட்டுரையின் மையமும் அதுவே. துளி பூச்சினுள் ஊறிச் சென்றிலது. பூச்சின்மேல் ஒட்டி நிற்கின்றது. நன்கு பிணைந்து இறுகிய வழுவழுப்பான தெளிபூச்சில், வேரூன்றிப் பற்றுதற்குத் துளிக்கு இடமில்லை. கதவிற்குத் தீந்தை பூசுமுன் பழம்பூச்சை அரத்தாளினாற் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது ஏன்? புதுப்பூச்சு பற்றவேண்டும் என்பதற்காகவன்றோ. தாங்கியின்மேல் அத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. ஆகவே, துளியைக் கரைத்தழிக்க வேண்டியதுமில்லை, வெட்டியெறிய வேண்டியதுமில்லை; அதன் பிடியைத் தளர்த்தினாற் போதும். துளி இளகுவதும் பூச்சு இளகாததுமான ஒன்றைத் தேர்ந்து, அது வேலை செய்யக் காலங் கொடுத்தலே முறையாகும்.

செய்முறைக்கு வருவோம். வண்டியின் இயந்திரமும் தாங்கியும் நன்கு ஆறியபின், வெயில் படாத இடத்தில் அதனை நிறுத்துக. முதலில் நிறைய நீர்விட்டுக் கழுவுதல் இன்றியமையாதது. ஊர்த்தெருப் புழுதியிலும் மணலிலும் உள்ள படிகக்கல் பூச்சினும் பன்மடங்கு கடினமானது. கழுவாத தாங்கியைத் துணியாற் தேய்ப்பவர் அரத்தாளாற் தேய்ப்பவருக்கு ஒப்பாவர். கழுவியபின், சவர்க்காரங் கலந்த இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்த மென்றுணியைப் புள்ளிகளின்மேல் விரித்து, கால்மணி நேரம் உலராது வைத்திருத்தல் வேண்டும். பின் விரலின் தசைப்பகுதியால் உருட்டி, தேவையாயின் பழைய பிளாஸ்ரிக்கு அட்டையொன்றின் விளிம்பைத் தாழச் சாய்த்துத் தள்ளினால், அண்மையில் விழுந்த எமல்சன் துளிகள் பல தோல்போற் கழன்றுவரும். ஒருமுறையில் வாராதாயின் வெந்நீரை மாற்றி மீண்டும் வைக்கலாம். இதனாற் பூச்சுக்கு எவ்வித இழப்பும் இல்லை.

இதற்கும் அசையாத எமல்சன் துளிக்கு, ஐசோபுரொப்பைல் அற்ககோலைச் சமபங்கு நீரிற் கலந்து பயன்படுத்தலாம். அதற்குமுன், இருக்கையின் அடியிலோ தாங்கியின் கீழ்விளிம்பிலோ மறைவான ஓரிடத்தில் வெண்டுணியால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், மேலே தெளிபூச்சில்லை என்றோ, ஊர்ப்பட்டறையில் இலேக்கராற் மறுபூச்சுப் பெற்றது என்றோ கொள்ளலாம். அத்தகைய வண்டிக்குக் கரைப்பான் ஆகாது. நிறம் ஏறாதாயின், நனைத்த துணியைப் புள்ளியின்மேல் அரைநிமிட நேரம் அழுத்தி வைத்து, ஒரே போக்கில் துடைத்தெடுத்து, உடனே நீராற் கழுவுக. எண்ணெய் எனாமல் துளிக்கு அற்ககோலினிடத்தில் டேர்ப்பன்டைனை இவ்வாறே பயன்படுத்தி, அதன் எண்ணெய்ப்பசையைச் சவர்க்கார நீரால் அகற்றுதல் வேண்டும். சுண்ணாம்புப் புள்ளிக்கு, நீர்கலந்த வினாகிரியில் நனைத்த துணியை வைத்தால், காபனேற்று கரைந்து சிறு குமிழிகள் எழும். சில நிமிடங்களில் அதனையெடுத்து நிறைய நீர்விடுக. அலுமினியப் பாகங்களிலும் முலாமிட்ட பாகங்களிலும் வினாகிரி தங்கவிடலாகாது. சுண்ணாம்பை மட்டும் உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்த்தலாகாது. அதனுள் மணலிருத்தல் கூடும்.

தூசிபோற் படிந்த தெளிதுகள்களுக்கும், பழகி இறுகிய நுண்புள்ளிகளுக்கும் ஏற்ற கருவி களிக்கட்டியாகும். மோட்டார் வாகனப் பொருட்கள் விற்கும் கடைகளில் இது கிடைக்கின்றது. நெகிழும் செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய அரைதுகள் கலந்து ஆக்கப்பட்ட இது ஜப்பானிற் தோன்றியது; ஜப்பானியரான தடாவோ கொடாதே என்பார் 1990 களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். களியைக் கையிற் பிசைந்து தட்டையாக்கி, சவர்க்கார நீர் நிறைய விட்ட பரப்பின்மேல் அழுத்தாது வழுக்கவிடுதல் வேண்டும். நீர்ப்படலம் களியைப் பூச்சினின்றும் விலக்கி நிற்க, மேலே துருத்தி நிற்கும் துகளை மட்டும் களி சீவியும் பற்றியும் எடுக்கின்றது. தொடக்கத்திற் கேட்கும் நறநறப்பு ஓய்ந்து, கை வழுவழுவெனச் செல்லுமிடத்து வேலை முடிந்தது எனலாம். களியை அடிக்கடி மடித்துப் புதுமுகம் காட்டல் வேண்டும். மண்ணில் விழுந்துவிட்டால் இரக்கமின்றி எறிந்துவிடல் வேண்டும். விலைகருதி அதனைக் கழுவிப் பயன்படுத்துவோர் மணலைக்கொண்டே வண்டியைத் துடைக்கின்றனர்.

இவை யாவும் தோற்றவிடத்து மட்டுமே அரைபொருள்களை நாடுதல் தகும். பட்டறையாளர் கட்டிங் கொம்பவுண்டு என்று வழங்கும் பசைகளில் நுண்மையானதை மென்றுணியில் எடுத்துப் புள்ளியின்மேல் மட்டும் தேய்க்கலாம். தடித்த துளியாயின், 2000 ஆம் இலக்க நீர் அரத்தாளின் சிறுதுண்டை றப்பர்க் கட்டையொன்றிற் சுற்றி, துளியின் உச்சியை மட்டும் தாழ்த்தி, பூச்சினைத் தொடுமுன் நிறுத்திப் பின் பசையால் மெருகிடுவர் கைவந்தவர். அவ்வரத்தாளின் மணிகள் ஏறத்தாழப் பத்து மைக்கிரோன் பருமனுடையன. நாற்பது மைக்கிரோன் பூச்சின்மேல் அதனை ஓட்டுகின்றோம் என்னும் நினைவு கையை அடக்கி வைக்கும். தாங்கியின் விளிம்புகளிலும் மடிப்புக்களிலும் பூச்சு மேலும் மெல்லியதாதலின் அவ்விடங்களில் இம்முறை கூடவே கூடாது.

பலர் கையாளும் சில பொருட்கள் முற்றாக விலக்கத்தக்கன. தின்னரும் அசற்றோனும் துளியைக் கரைக்கும் வேகத்திலேயே பழைய பூச்சுக்களையும் மென்மையாக்கி மங்கச் செய்வன. கிளைக்கோல் வகைத் தடுப்பெண்ணெய் தீந்தையை உரிக்க வல்லது. பாத்திரந் துலக்கும் தேங்காய்த் தும்பும் உருக்குக் கம்பளியும் ஆயிரக்கணக்கான கீறல்களை ஒருங்கே இடுவன. பற்பசை அரைபொருளே, எத்துணை நுண்மையது என்பதை அறியாது அதனைப் பூசுதல் தகாது. பெற்றோலோ எல்லாவற்றினும் கொடியது. சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியை அது விடுகின்றது. சூடாறாத இயந்திரத்தின் மேலே, மூடிய கொட்டிலினுள்ளே அதனைத் துணியில் நனைத்துத் துடைப்பவர், மெருகை மட்டுமன்று, உயிரையும் பணயம் வைக்கின்றனர்.

பூச்சு ஒன்றாயினும் பாகங்கள் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. விளக்குக் கண்ணாடியாகத் தோன்றும் பொலிகாபனேற்றுப் பாகங்கள் கரைப்பான் பட்டால் நுண்வெடிப்புக் காணும். தீந்தை பூசாத கரும்பிளாஸ்ரிக்கு வெளிறும். இவற்றுக்கு வெந்நீரும் பொறுமையுமே மருந்து. பளபளப்பற்ற மங்கற் பூச்சு பெற்ற வண்டிகளில், களியோ பசையோ பட்ட இடம் மட்டும் ஒளிர்ந்து மறுவாகும். சென்னையில் ஆக்கப்படும் றோயல் என்பீல்ட் புல்லட் போன்ற வண்டிகளின் தாங்கியிற் காணப்படும் பொற்கோடுகள் கையால் வரையப்படுவன; அத்தகைய கோடுகளின்மேற் தெளிபூச்சு இல்லையாயின், கரைப்பான் புள்ளியோடு கோட்டையுங் கொண்டுபோகும். தடுப்புத் தட்டிலும் உருளிப் பட்டையிலும் மெருகெண்ணெய் சிறிதும் படலாகாது. பட்டால், வேண்டிய கணத்தில் வண்டி நில்லாது. பொலிவுக்காகச் செய்த வேலை விபத்துக்கு வழியாகும்.

புள்ளிகள் நீங்கியபின், பரப்பைக் கழுவி உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சொன்று இடுதல் நன்று. துணிதேய்த்த இடங்களில் முன்னிருந்த மெழுகு நீங்கியிருக்கும். மேலும், மெழுகிட்ட பரப்பில் அடுத்துவரும் துளி இன்னும் இலேசாகவே பற்றும். எல்லாவற்றினும் எளிய காப்பு, வேலை தொடங்குமுன் வண்டியை அப்பால் நிறுத்துதல். அன்றேல் பழஞ்சேலையொன்றால் மூடுதல். துளி விழுந்துவிட்டது எனக் கண்டவிடத்து, அது ஈரமாயிருக்கும்பொழுதே நீராற் கழுவினால் மேற்கூறிய எதுவும் வேண்டியதில்லை.

இத்துணை நுணுக்கம் ஓர் இருசக்கர வண்டிக்கு வேண்டுமா எனச் சிலர் வினவலாம். இலங்கையிற் பல குடும்பங்களுக்கு மோட்டார்ச் சைக்கிள் அழகுப் பொருளன்று. பிள்ளையைப் பள்ளிக்கும், மீனையும் மரக்கறியையும் சந்தைக்கும், நோயாளியை வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்வது அதுவே. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிற் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிதிறக்கப்படும்வரை, உள்ள வண்டியைப் பேணுதலன்றி வேறு வழி பலருக்கு இருந்ததில்லை. பூச்சு அழகுக்கு மட்டுமன்று, துருவைத் தடுப்பதற்கும் உரியது. கடலை அடுத்த ஊர்களில், உப்புக்காற்று பூச்சிழந்த உலோகத்தைத் தேடிவந்து அரிக்கின்றது. உலோகம் தெரியுமளவு சுரண்டப்பட்ட சிறு வடுவொன்று, சில மழைக்காலங்களில் தாங்கியைத் துளைக்கும் துருவாய் வளர்தல் கூடும். வெண்புள்ளியோ எத்துணை நாள் இருந்தாலும் தாங்கியை அரிப்பதில்லை. எனவே, மென்மையான வழிகள் யாவும் தோற்று, கடுமையான வழிக்குக் கை துணியாவிடின், அச்சிறு புள்ளியை அவ்வாறே விட்டுவைத்தலும் அறிவுடையார் செயலே ஆகும்.